புளியங்காட்டு ஊரில் பச்சிலைப் பெயர்கள்

திண்டிவனம் என்றால் புளியங்காடு என்று பொருள் சொல்வார்கள். வடமொழியில் திந்திரிணி என்பது புளியைக் குறிக்கும். ஊர்ச் சிவன் கோயிலின் மூலவர் இன்றைக்கும் திந்திரிணீஸ்வரர்தான். வேடிக்கை என்னவென்றால், ஊருக்கே பெயர் கொடுத்த அந்த மரத்தின் தாயகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. எப்போதோ, எண்ணிக்கைக்கு அகப்படாத காலத்தில், இங்கே வந்து சேர்ந்து நம் ரசத்தில் கரைந்துவிட்டது. அரேபியர் அதைத் 'தமர் ஹிந்த்', அதாவது இந்தியப் பேரீச்சை என்று அழைத்தார்கள். லின்னேயஸ் 1753இல் அந்தச் சொல்லையே தாவரவியல் பெயராக்கி, வாலில் 'இண்டிகா' என்பதையும் ஒட்டிவைத்தார்.

ஊரைத் தாண்டிக் கொல்லைப் பக்கம் போனால் மல்லாட்டை. நிலக்கடலைக்கு விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தில் இதுதான் பெயர். மணிலாக்கொட்டை என்ற சொல் நாக்கில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆனது. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர், பிலிப்பைன்ஸ் நாட்டுத் துறைமுகத்தின் பெயரைச் சுமந்துகொண்டு நம் கொல்லையில் காய்க்கிறது. அதற்கு இந்த ஊர் கைம்மாறும் செய்திருக்கிறது. 1940இல் வெளியான டி.எம்.வி. 2 என்ற புகழ்பெற்ற கடலை ரகத்தின் பெயரிலுள்ள மூன்றெழுத்தும் திண்டிவனத்தைக் குறிப்பவை. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் முத்திரை.

இந்த வட்டாரத்துக் காட்டுச்செடிகளையும் அவற்றின் வழக்குப் பெயர்களையும் பற்றி எழுத உட்காருகிறவர்கள் 'பழந்தமிழர் அறிவு' என்று முழங்கத் தொடங்குவதற்கு முன் புளியையும் மல்லாட்டையையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வது நல்லது. நம்முடையது என்று நாம் சொல்வதில் பாதி வந்து சேர்ந்தது. வந்ததைப் பார்த்து, பழகி, பெயர் வைத்து, பயன் கண்டுபிடித்த திறமைதான் நம்முடையது.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையோரம் ஓர் ஏரிக்கரை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆயாவிடம் தரையோடு படர்ந்திருந்த செடி ஒன்றைக் காட்டிக் கேட்டேன். மஞ்சள் நடுவும் ஓரத்தில் வெளுத்த இதழ்களுமாக, நீளக் காம்பின் நுனியில் ஒற்றைப் பூ.

"இதுவா? வெட்டுக்காயப் பூண்டு. அருவா பட்டா கசக்கிப் புழிஞ்சி உட்டா ரத்தம் நிக்கும். பசங்க தாத்தாப்பூன்னு சொல்லும்பா."

காம்பை மடக்கிப் பூவின் தலையைச் சுண்டிவிடும் விளையாட்டு தமிழ்நாடு முழுக்க உண்டு; தாத்தாவிடம் தலையைக் கேட்டுக்கொண்டே பிள்ளைகள் அதைச் சுண்டுவார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் அதே செடியைக் காட்டினேன். கிணற்றடிப் பூண்டு என்றார் கடைக்காரர். டீ குடித்துக்கொண்டிருந்த பெண் மூக்குத்திப்பூ என்றார். ஒரு சாலையின் அகலத்துக்குள் நான்கு பெயர்கள். தாவரவியலில் அதற்கு டிரைடாக்ஸ் புரோக்கும்பென்ஸ் என்று பெயர். தாயகம் மெக்சிகோவும் அதைச் சுற்றிய நாடுகளும். சித்தர் பாடல்களின் காலத்தில் இந்தக் கரையில் அது இருந்திருக்க வழியில்லை. ஆனாலும் ஆயாவின் கைக்கு அது பரம்பரை மருந்து. அவரைத் திருத்த நமக்கு உரிமை கிடையாது. அந்த இலைச்சாற்றுக்குப் புண் ஆற்றும் தன்மை உண்டா என்று ஆய்வகங்கள் விலங்குகளிடம் சோதிக்கத் தொடங்கியதே, இப்படிப்பட்ட ஆயாக்கள் சொன்னதைக் கேட்டுத்தான்.

வழக்குப் பெயர்கள் எப்படி உருவாகின்றன என்று பார்த்தால், வைத்தவர்களின் கண் எவ்வளவு கூர்மையானது என்பது புரியும். முடக்கத்தான் என்று சந்தையில் விற்கிற கீரையின் முழுப்பெயர் முடக்கறுத்தான். மூட்டு முடக்கை அறுப்பது. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர். செடியை வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை வந்து அதன் மேல் புரளும். யாரோ ஒருவர் அதை நின்று பார்த்திருக்கிறார். சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் நாவிலேயே நிரூபணமாகிறது. அதன் இலை இரண்டை மென்று துப்பிவிட்டு ஒரு வாய் சர்க்கரை போட்டுப் பாருங்கள். இனிப்பு துளியும் இருக்காது, ஆற்றுமணலைக் கடிப்பது போல் நறநறவென்று இருக்கும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்புணர் மொட்டுகளைக் கொஞ்ச நேரம் அடைத்துவிடுகின்றன. ஆனால் நாவில் சர்க்கரையைக் கொல்வது வேறு, ரத்தத்தில் கொல்வது வேறு. இந்த வேறுபாட்டைப் பெயர் சொல்லாது. பெயரை நம்பி நீரிழிவு மாத்திரையை நிறுத்தியவர்களை எல்லோருக்கும் தெரியும்.

சில பெயர்கள் எச்சரிக்கைப் பலகைகள். ஏரிக்கரையிலும் கரம்பு நிலத்திலும் படரும் ஆடுதின்னாப்பாளையை எடுத்துக்கொள்வோம். எருக்கந்தழையைக்கூட நுனி கடித்துப் பார்க்கும் ஆடு இதைத் தொடுவதில்லை. ஆடுதீண்டாப்பாளை என்றும் சொல்வார்கள். வயிற்றுப் பூச்சிக்கும் விஷக்கடிக்கும் நாட்டு வைத்தியத்தில் இது பேர்போனது. இது அரிஸ்டோலோக்கியா பேரினத்தைச் சேர்ந்தது. இந்தப் பேரினத்துச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும் என்பது இன்று உறுதியான செய்தி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இத்தகைய செடிகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகையில் வைத்திருக்கிறது.

இது தெரியவந்த கதை பெயர் குழம்பிய கதை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அந்த மாத்திரையில் சேர வேண்டியது ஒரு சீன மூலிகை. அதற்குப் பதிலாகச் சேர்ந்துவிட்டது அரிஸ்டோலோக்கியா வகை. சீன மொழியில் இரண்டின் பெயரும் 'ஃபாங் ஜி' என்றே முடியும். முன்னொட்டு மட்டும்தான் வேறு. நம் ஊர் நாட்டுமருந்துக் கடைகளிலும் ஒரே பெயரில் வேறு வேறு சரக்கு போவது புதிதில்லை. பிரமி என்று கேட்டால் ஒரு கடையில் வல்லாரையையும் இன்னொரு கடையில் நீர்ப்பிரமியையும் கட்டிக் கொடுப்பார்கள்.

கீழாநெல்லி விஷயத்துக்குக் கொஞ்சம் நின்று நிதானமாக வரவேண்டும். மஞ்சள் காமாலை என்றால் விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆஸ்பத்திரி அன்று. பச்சிலை கொடுக்கும் ஏதோ ஒரு ஊரின் பெயர்தான் வரும். விடியற்காலையில் வெறும் வயிற்றில் அரைத்த விழுது, மோரில் கலந்து மூன்று நாள், உப்பில்லாப் பத்தியம். இந்த நம்பிக்கையை அறிவியல் ஒருமுறை நேராகவே சோதித்தது. சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழு, நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கோடு சேர்ந்து ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்தது. 1988இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் கிருமியின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. மருந்தில்லாத போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி நேர்ந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகள் பலவற்றில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்ற விவாதத்தில் அடிபட்ட காரணங்களில் ஒன்று, செடியே ஒன்றுதானா என்பது. நம் நூல்களில் பல ஆண்டுகள் கீழாநெல்லிக்கு ஃபிலாந்தஸ் நிருரி என்றே எழுதிவந்தார்கள். உண்மையான நிருரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் வரப்பில் இருப்பது ஃபிலாந்தஸ் அமாரஸ் என்று 1980களில்தான் தெளிவானது. அதோடு தண்டு சிவந்த இன்னொரு இனமும் மேலாநெல்லியும் அதே வரப்பில் கலந்து முளைக்கும். சந்தைக்கு வரும் கட்டில் மூன்றும் இருக்கும். பறிப்பவர் சரியாகப் பறிக்கத் தெரிந்தவராக இருந்தால் குழப்பமில்லை. கிளையைத் திருப்பிப் பார்ப்பார். இலைக்காம்புகளுக்கு அடியில் கடுகளவு காய்கள் வரிசையாகச் சிறு காம்போடு தொங்கவேண்டும், காய் மழமழவென்று இருக்கவேண்டும், தண்டு பச்சையாக இருக்கவேண்டும். சிவந்த இனத்தில் காய் சொரசொரப்பாகத் தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த ஒரு வரி எத்தனையோ மூலிகைப் புத்தகங்களில் இல்லை. 'கீழாநெல்லி, காமாலைக்கு' என்று மட்டும் இருக்கும். காமாலையில் எத்தனையோ வகை உண்டு. பல தானாகவே ஆறும், சில கல்லீரலை முடித்துவிடும். ரத்தப் பரிசோதனை செய்யாமல் எது என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. கீழாநெல்லியின் மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த இடத்தில் நான் ஆஸ்பத்திரி பக்கம்தான்.

இதே குடும்பத்தில் ஒரு கொலைகாரன் இருக்கிறான். செஞ்சி, கல்வராயன்மலைப் பக்கத்துப் புதர்க்காடுகளில் வளரும் ஒடுவந்தழை. தாவரவியலார் கீழாநெல்லியை வைத்த குடும்பத்திலேயே இதையும் வைத்திருக்கிறார்கள். புதுவை ஜிப்மரிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் அவசரப் பிரிவில் வேலை பார்த்த மருத்துவர்களுக்கு இந்த இலையைப் பற்றிச் சொல்லித் தரவேண்டியதில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் சரியும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். நேரடி மாற்று மருந்து என்று ஒன்று இல்லை. அதனால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இதற்கு நிலப்பாலை என்றும் ஒரு பெயர் உண்டு. பிள்ளைகள் பறித்துத் தின்னும் இனிப்பான பாலைப்பழத்தின் மரமும் பாலை, ஆடு தின்னாததும் பாளை, இந்த நஞ்சும் பாலை. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் போகக்கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நம்மிடம் எழுதிவைத்தவர்கள் இல்லாமல் இல்லை. தரங்கம்பாடிக்கு வந்த ரோட்லர் பாதிரியார் (1749–1836) ஒரு கையில் செடி சேகரித்துக்கொண்டே இன்னொரு கையில் தமிழ் அகராதி தொகுத்தார். சொல்லும் செடியும் ஒரே மேசையில் கிடந்த அரிய வீடு அது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி செடிப் பெயர்களுக்குத் தாவரவியல் பெயர்களையும் கொடுத்தது. டி. வி. சாம்பசிவம் பிள்ளை சித்த மருத்துவத்துக்கென்றே மாபெரும் அகராதியைத் தனியாளாகத் தொகுத்தார். திருச்சி ராபினெட் உலர்தாவரகத்தில் கே. எம். மாத்யூ தமிழகச் சமவெளித் தாவரங்களை இனம் இனமாகப் பதிந்தார். கண்மணி குணசேகரனின் 'நடுநாட்டுச் சொல்லகராதி' இந்த மண்ணின் பேச்சை அச்சில் ஏற்றியது. இவர்கள் எல்லோரும் செய்து முடித்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. இந்தப் பெயரை இந்த ஊரில் இந்தச் செடிக்கு இன்னார் சொன்னார் என்று செடியின் காய்ந்த மாதிரியோடு ஊர் ஊராகப் பதிவது. கல்லூரிகளிலிருந்து வரும் மூலிகை ஆய்வுக் கட்டுரைகள் இதைச் செய்யும் என்று எதிர்பார்ப்போம். பெரும்பாலானவற்றில் ஒரு நீண்ட அட்டவணைதான் இருக்கிறது: பெயர், குடும்பம், பயன்படும் பாகம், நோய். தென்கோடி மாவட்டத்துக் கட்டுரைக்கும் விழுப்புரம் கட்டுரைக்கும் அட்டவணை ஒரே மாதிரி இருக்கும். நுணாவை மஞ்சணத்தி என்று எழுதியிருந்தால் அது தெற்கே இருந்து படியெடுத்தது என்று நான் சந்தேகப்படுவேன். இந்தப் பக்கம் அது நுணாதான்.

மருந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பெரிய பகுதி விட்டுப்போகும். காட்டுச்செடியின் முதல் பயன் சாப்பாடு. அதிலும் கீரை. ஆடிப்பட்ட மல்லாட்டைக் கொல்லையில் விதைத்து மூன்று வாரத்தில் ஒரு களை, ஆறு வாரத்தில் இன்னொரு களை. களை எடுக்கப் போன பெண்கள் மாலையில் வெறும் மடியோடு திரும்பியதில்லை. தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, சாரணை, மூக்கிரட்டை, குமட்டி. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கடைவதற்குப் போதாது. எல்லாம் சேர்ந்ததுதான் கலவைக்கீரை. சாரணை முற்றினால் வயிற்றைக் கலக்கும், இளசாகத்தான் கிள்ளவேண்டும். பண்ணைக்கீரை பூ வைத்துவிட்டால் நார். இது ஏட்டில் இல்லாத பாடம், களைக்கொத்தின் முனையில் அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்தது. இப்போது விதைத்த கையோடு பெண்டிமெத்தலின் அடித்துவிடுகிறார்கள். களை முளைப்பதே இல்லை. கூலி கட்டுப்படியாகாத விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் கலவைக்கீரை போனதற்குக் காரணம் அந்தச் செடிகள் அழிந்ததல்ல, இன்றும் சாலையோரத்தில் அவை தாராளமாக முளைக்கின்றன. களை எடுக்கும் வேலை போனது. அதோடு அந்தச் செடிகளைக் குனிந்து பார்க்கும் கண்ணும் போனது.

பழங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. களாக்காய் ஊறுகாயாகப் பிழைத்துக்கொண்டது. சூரை, காரை, சிற்றீச்சம்பழம் எல்லாம் ஆடு மேய்த்தவர்களின் பை நிறைந்த காலத்தோடு ஏறக்குறைய முடிந்துவிட்டன. இம்பூரல் என்ற செடிக்கோ உணவுக்கும் மருந்துக்கும் வெளியே இன்னொரு வாழ்க்கை இருந்தது. சாயவேர் என்ற பெயரில் சோழமண்டலக் கரைத் துணிகளுக்குச் சிவப்பேற்றியது அதன் வேர்தான். 1869க்குப் பிறகு செயற்கைச் சாயம் வந்ததும் மணலுக்குள் மறந்துபோனது. அதன் கூட்டாளி அவுரி மட்டும் திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் பயிராகி நீலமாகிறது.

மரங்களைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகவேண்டும். கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வர அய்யனார் கோயில் காட்டில், மண் குதிரைகளுக்குப் பின்னால், கோரமண்டல் கரையின் பழைய உலர் பசுமைக்காட்டுத் துண்டு ஒன்று இன்னும் நிற்கிறது. காயா, வீரை, பாலை, காட்டெலுமிச்சை. மரக்காணம் காப்புக்காட்டிலும் இதே கூட்டம். 1968இல் தொடங்கிய ஆரோவில்லில் செம்மண் பொட்டலைக் காடாக்கியவர்கள் விதைக்கு வந்து நின்ற இடங்களில் இப்படிப்பட்ட கோயில்காடுகளும் உண்டு. அய்யனாருக்குப் பயந்து ஒரு குச்சியும் ஒடிக்காத ஊர்க்காரர்களுக்கு அந்த வகையில் நன்றி சொல்லவேண்டும். அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன, சுமார் 2 கோடி ஆண்டு பழையவை. ஊர்க்காரர்கள் கல்மரம் என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்கள். தொல்லுயிரியலுக்கு இதைவிட நல்ல கலைச்சொல் அமையாது.

இந்தச் செடிகளைப் பற்றிய அறிவை அதிகம் சுமந்தவர்கள் இருளர்கள். ஏரி உள்வாயிலும் காட்டோரத்திலும் குடியிருந்து கிழங்கு, பச்சிலை, எலி, பாம்பு என்று வாழ்ந்தவர்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976இல் பாம்புத்தோல் வணிகம் நின்றது. அதற்குப் பிறகு அரிசி ஆலை, செங்கல் சூளை, மரம் வெட்டு, கரிமூட்டம். கடன் வாங்கிக் கொத்தடிமையான குடும்பங்கள் ஏராளம். அவர்கள் வெட்டுவது பெரும்பாலும் வேலிகாத்தான். 1870களில் சென்னை மாகாணத்துக்கு வெளியிலிருந்து விதையாக வந்த சீமைக்கருவேலம், நன்னாரியும் சிறுகுறிஞ்சானும் படர்ந்த புதர்களை விழுங்கிய மரம். நூறு செடி தெரிந்தவர் நாளெல்லாம் ஒரே மரத்தை வெட்டிக்கொண்டிருக்கிறார். அவரது பிள்ளைக்குப் பச்சிலை தெரியவில்லையே என்று நாம் வருந்துவதற்கு முன், அந்தப் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கிடைத்ததா என்று கேட்பதே முறை.

இந்த அறிவைப் பதிந்துவைக்கச் சட்டம் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்கவேண்டும். பசுமைத் தீர்ப்பாயம் 31.1.2020க்குள் முடிக்கச் சொல்லி விரட்டியது. அவசரத்தில் நிரப்பும் ஏடு எப்படி இருக்கும் என்று அரசு அலுவலகம் ஏறி இறங்கிய எவருக்கும் தெரியும். 2023இல் செய்த திருத்தம், நூல்களில் முறைப்படி பதிவான மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பலன் பகிரும் கடமையிலிருந்து விலக்கு அளித்தது. சித்த மருத்துவ நூலில் இருப்பது பொதுச்சொத்து போலாகிவிட்டது; ஆயாவின் வாயில் இருப்பது யாருடைய கணக்கிலும் இல்லை. இது சரியான திருத்தமில்லை என்பது என் கருத்து.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்காமல் வாசகர் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. இந்த ஐப்பசி மழைக்குப் பிறகு உங்கள் ஊர் ஏரிக்கரைக்கு ஒரு பெரியவரை அழைத்துப்போங்கள். அவர் பெயர் சொல்லும் செடியில் பூவும் காயும் உள்ள ஒரு கிளையைப் பழைய செய்தித்தாளுக்குள் விரித்துவைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி, தாளைத் தினமும் மாற்றி ஒரு வாரம் காயவையுங்கள். ஒடுவந்தழை, ஊமத்தை போன்றவற்றைத் தொட்டால் கையைக் கழுவுங்கள். எதையும் வாயில் வைக்காதீர்கள். தாளின் ஓரத்தில் அவர் சொன்ன பெயரை அவர் சொன்ன உச்சரிப்பிலேயே எழுதி, ஊர், தேதி, எதற்குப் பயன், எதற்கு ஆகாது என்று குறித்துவையுங்கள். அவருடைய பெயரை வெளியிடலாமா என்று அவரிடமே கேளுங்கள். இனம் தெரியாத செடிக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் உலர்தாவரகம் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்.